பச்சை பூசிய பதினைந்து வீடுகள்

2018

மார்ச் 6, செவ்வாய்

இன்றும் என் புருஷன் சின்ஃபாவை மாடிக்கு ஏற்றிக் குளிப்பாட்டி இறக்குவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஏழாவது படியில் வழக்கம்போல் நின்றார். "நீ போ... நான் பஸ்ல... வர்றேன்" என்றார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. பேச்சு பாதிதான் வருகிறது, அந்தப் பாதியையும் இப்படித்தான் செலவழிக்கிறார் மனுஷன்.

சாயங்காலம் குப்பை வண்டிக்குப் பையோடு நின்றிருந்தபோது வார்டு தலைவர் ஹோங் ஸ்கூட்டரில் வந்தார். "பாவ்சியு அக்கா, நகரம் பூரா வரைபடத்தை மாத்தி எழுதப் போறாங்க. நம்ம சந்தும் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டம். நீங்க வரலன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது."

எங்கள் சந்தின் ஒற்றைப்படை வரிசை, ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வரை பதினைந்து வீடு, நகரத் திட்ட வரைபடத்தில் நாற்பத்தைந்து வருஷமாகப் பூங்கா. நகரம் இடத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை. ஒழுகினால் அடைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு செங்கல் வைக்கக் கூடாது. கீழே பின்முற்றத்தில் ஒரு குளியலறை கட்ட அனுமதி கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் ஒரே பதில்: பூங்கா நிலத்தில் கட்டடம் கிடையாது. பதிமூன்றாம் எண்காரர் அனுமதி கேட்காமலே பின்னால் தகரம் அடித்துக் கட்டினார். யாரோ புகார் கொடுக்க, நகராட்சி ஆட்கள் வந்து இடித்துவிட்டுப் போனார்கள்.

கூட்டத்துக்குப் போக வேண்டுமாம். யார் சின்ஃபாவைப் பார்த்துக்கொள்வது என்று ஹோங் கேட்கவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

சமூகக் கூடத்தில் உட்கார இடமில்லை. பன்றி வறுவல் வைத்த சாப்பாட்டுப் பெட்டி தருகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்வரிசை அடுக்குமாடியிலிருந்தும் மொத்தமாக இறங்கி வந்துவிட்டார்கள். அதிகாரி திரையில் வரைபடம் போட்டார். எங்கள் பதினைந்து வீடும் ஒரே பச்சை. என் வீட்டின் மேல் பச்சை பூசியிருப்பதைக் காகிதத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சுவர் அளவு பெரிதாக இப்போதுதான் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். நகரம் முழுக்க இப்படிக் காகிதத்தில் மட்டும் பூங்காவாக, பள்ளியாக, சந்தையாகக் கிடக்கும் இடங்களையெல்லாம் மறுபடி பார்க்கிறார்கள். தேவையில்லாததை விடுவிப்பார்கள். யாருக்கு என்ன சொல்ல இருந்தாலும் ஏப்ரல் 9-க்குள் மனு கொடுக்கலாம். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு எண், ஒரு வரி, அதற்கு எதிரே நகரத் திட்டக் குழுவின் பதில்.

எதிர்வரிசைச் சங்கத் தலைவி ஃபாங் மேடம் எழுந்தார். "நாங்க வாங்கினது பார்க் பாத்த வீடு. உங்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைப் பாக்கறதுக்கு இல்ல."

மூன்றாம் எண்ணில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கும் ஆ-யுன் சும்மா இருப்பாளா? "அப்படிச் சொல்லி உங்ககிட்ட வித்தவனைப் போய்ப் பிடிங்க மேடம். நாங்க உங்களுக்கு ஒண்ணும் விக்கல."

ஹோங் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினார். நவம்பரில் தேர்தல், இரண்டு பக்கமும் ஓட்டு.

திரும்பும்போது ஃபாங் மேடம் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க ரெட்டைப் பிள்ளைங்க கார் போற ரோட்டுல சைக்கிள் பழகுதுங்க அக்கா. நான் சண்டைக்காரி இல்ல." எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மார்ச் 13, செவ்வாய்

நான் இருபத்தாறு வருஷம் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள், இப்போதும் பாதிநாள் போகிறேன். அதனால் சந்து பூராவும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டது. "அக்கா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

நல்ல வாசகமாக ஒன்று எழுதி வைத்துக்கொண்டு பதினான்கு வீட்டுக்கும் அதையே எழுதினேன். ஒரு சொல் கூடக் குறையவில்லை. பத்திர அலுவலகத்தில் ஒரு சொல் மாறினாலும் காகிதம் திரும்பி வரும், அந்தப் பழக்கம்.

பதினைந்தாவது, இருபத்தொன்பதாம் எண் சாவ் அண்ணன். சந்தின் கோடியில், காலி மனைக்குப் பக்கத்து வீடு. எழுபத்தொரு வயது, முப்பது வருஷம் வெளியூர் பஸ் ஓட்டியவர். மனைவி போய்விட்டார், பிள்ளை இல்லை. படிவத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது நான் பாக்கற மூணாவது வரைபடம் தங்கச்சி. முதல்ல வந்தப்ப சட்டை போட்டுக்கிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது தடவை பனியனோட போய்ப் போட்டேன். இப்ப எந்திரிக்கக்கூட மனசில்ல."

மார்ச் 20, செவ்வாய்

பதினான்கு மனுவும் கொடுத்தாயிற்று. அப்பாடா.

மார்ச் 29, வியாழன்

மனுவெல்லாம் வந்து சேர்ந்ததா என்று கேட்க நகர அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் பாவம், மரியாதையாகத்தான் சொன்னாள். "உங்க சந்துலேருந்து ஒரு மனு பதிவாயிருக்கும்மா."

"பதினாலு கொடுத்தேனே?"

"வாசகம் எல்லாம் ஒண்ணா இருந்ததால ஒரே எண்ணுல சேர்த்துட்டோம். எதிர் அடுக்குமாடியிலேருந்து பத்தொன்பது எண் வந்திருக்கு."

பதினான்கு குடும்பத்தை என் அழகான கையெழுத்தால் ஒரே ஆளாக்கிவிட்டேன். யார் இதைப் போய்ச் சொல்வது? நான்தான். வேறு யார்.

ஏப்ரல் 2, திங்கள்

நான் சொன்னதை ஆ-யுன் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "சரி, என்ன பண்ணணும் இப்ப? அதைச் சொல்லு" என்றாள். அவரவர் சொந்த வார்த்தையில் மறுபடி எழுத வேண்டும் என்றேன். "சொந்த வார்த்தைன்னா எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும்க்கா."

ஏப்ரல் 6, வெள்ளி

முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் விடுமுறைக்கு வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ஆ-யுன்: "வீட்டை இடிச்சுக் கட்டணும்னு எங்க மாமியார் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாங்க. இப்ப நான் சொல்லிக்கிட்டிருக்கேன்." பதிமூன்றாம் எண்காரர் ஒரே வரி: "இடிக்கத் தெரிஞ்சுதுல்ல, இப்ப கட்ட விடுங்க." பதினேழில் புருஷனும் பெண்டாட்டியும் என் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள், எந்த வருஷம் கூரை இறங்கியது என்று. இரண்டு படிவமாக எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்தொன்றில், மழை வந்தால் எந்தெந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு மனப்பாடமாம். அந்தக் குழந்தையே எண்ணிக் காட்டியது, ஐந்து இடம்.

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இதில் பாதி எனக்குத் தெரியாது.

என்னுடையதுதான் வரமாட்டேன் என்கிறது. "மாடிப்படி" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். பிறகு மூன்று வரி எழுதினேன். சின்ஃபாவிடம் படித்துக் காட்டியபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 8, ஞாயிறு

சாவ் அண்ணன் வாசலில் மறுபடி போய் நின்றேன். எல்லோரும் தங்கள் வார்த்தையில் சொல்கிறார்கள் என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

"நான் சொல்றதை அப்படியே எழுதுவியா? அழகு பண்ணமாட்டியே?"

"மாட்டேன் அண்ணே."

"சரி, நாளைக்குக் காலையில வா. ரெண்டு வரி சொல்றேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கிடையாது."

ஏப்ரல் 11, புதன்

திங்கள் காலையில் சின்ஃபா படியிலிருந்து விழுந்துவிட்டார். நான் கீழே வெந்நீர் எடுக்கப் போனேன், அவர் தானாக இறங்கப் பார்த்திருக்கிறார். ஆறு படி உருண்டு வளைவில் கிடந்தார். நான் போட்ட சத்தத்தில் சாவ் அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தும் மாடி வளைவில் படுக்கை திரும்பவில்லை. "தள்ளுங்கப்பா" என்று அவரே குனிந்து சின்ஃபாவை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். எழுபத்தொரு வயதில்.

எலும்பு முறியவில்லை. இடுப்பெல்லாம் நீலம். மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஃபாங் மேடம் மீன் சூப் கொடுத்தனுப்பினார்.

பையில் பதினான்கு வீட்டு மனுவும் இருந்தது. ஆ-யுன் வந்து வாங்கிக்கொண்டுபோய்க் கடைசி நேரத்தில் கொடுத்துவிட்டாள். சாவ் அண்ணனுடைய இரண்டு வரி இல்லை. நான் போகவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 30, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19, சனி

மழை. இரண்டு வாளி.

ஜூன் 21, வியாழன்

குழு விசாரணை. ஆளுக்கு மூன்று நிமிடம். நல்லபடியாகப் பேசினேன். சந்தே கைதட்டியது.

ஜூன் 22, வெள்ளி

நேற்று எழுதியது முழுசும் இல்லை.

பேசினேன், சரி. படி, குளியலறை, இடிந்த தகரம், வாளி எண்ணும் குழந்தை, எல்லாம் சொன்னேன். ஃபாங் மேடமும் நன்றாகத்தான் பேசினார், வார்டு முழுக்கவே பிள்ளைகள் ஓட ஒரு கையகலப் புல் இல்லை என்றார். அது உண்மை. குழுவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மொத்தத்தையும் விட முடியாதும்மா. ஏதாவது ஒரு துண்டு பூங்காவா இருக்கணும்னா எதைச் சொல்வீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் பதினைந்து வீடும் ஒன்று என்று சொல்லியிருக்கலாம். என் மூன்று நிமிடம் முடியப்போகிறது என்று முதல் மணி அடித்துவிட்டது. நான் சொன்னது இது, அப்படியே எழுதுகிறேன்: "கோடியில இருபத்தொன்பதாம் நம்பர் இருக்கு, பக்கத்துல காலி மனை. அங்க ஒரே ஒருத்தர்தான். வயசானவர், வாரிசு இல்ல. அவர் மனுகூடக் கொடுக்கல."

மனு கொடுக்கவில்லை! ஏன் கொடுக்கவில்லை, யாரால கொடுக்கல? அதைச் சொன்னேனா? என் புருஷனை முதுகுல சுமந்தவரு. த்தூ, என்ன பொம்பளை நான்.

பஸ்ஸில் ஆ-யுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, உனக்குச் சட்டுனு தோணிச்சுக்கா" என்றாள். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 3, செவ்வாய்

குப்பைப் பையை ஆ-யுனிடம் கொடுத்தனுப்புகிறேன். இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறேன். சாவ் அண்ணன் எப்போதும் வண்டி வருகிற மூலையில் நிற்பார்.

ஜூலை 17, செவ்வாய்

அவரே வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு கொய்யா. "இடுப்பு வலின்னாங்க. கொய்யாவுக்கும் இடுப்புக்கும் சம்பந்தமில்ல, மரத்துல காய்ச்சது, கொண்டுவந்தேன்." சின்ஃபாவோடு அரைமணி நேரம் டிவியில் பேஸ்பால் பார்த்துவிட்டுப் போனார். நான் சமையலறையிலேயே நின்றேன். சொல்லிவிடலாமா? சொன்னால் என் மனசு லேசாகும், அவருக்கு என்ன லாபம்?

ஆகஸ்ட் 24, வெள்ளி

மூன்று வாளி.

செப்டம்பர் 12, புதன்

முடிவு வந்துவிட்டது. ஹோங் அச்சடித்து எடுத்து வந்து சத்தமாகப் படித்தார். ஒன்றிலிருந்து இருபத்தேழு வரை விடுவிப்பு, குடியிருப்பு நிலம். இருபத்தொன்பதும் காலி மனையும் சிறு பூங்கா. யாரோ சரவெடி வைத்தார்கள். ஆ-யுன் அழுதாள். சின்ஃபா என்னைப் பார்த்து, "கீழ... குளியல்" என்றார். நானும் அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தேன். மனு எண், பெயர், பெறப்பட்ட தேதி, கோரிக்கை, முடிவு. எங்களுக்கெல்லாம் "ஓரளவு ஏற்கப்பட்டது". எதிர்வரிசைக்கும் அதேதான். கடைசிப் பக்கத்தில், நாள் கடந்து வந்தது என்ற தலைப்பில் தனியாக ஒரு வரி இருந்தது.

சாவ் யுங்-நியென், எண் 29. கோரிக்கை: "என் வீடு பூங்காவாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற பதினான்கையும் விட்டுவிடவும். நான் சாகும்வரை என்னைக் கிளப்ப வேண்டாம்." முடிவு: ஏற்கப்பட்டது.

அந்த அட்டவணையில் முழுசாக ஏற்கப்பட்ட ஒரே மனு அதுதான். பெறப்பட்ட தேதி ஜூன் 22.

விசாரணைக்கு மறுநாள். ஹோங்குக்குப் போன் செய்தேன். "அவரு அன்னிக்குக் கடைசி வரிசையில உக்காந்திருந்தாரே அக்கா. நீங்க பாக்கல?"

செப்டம்பர் 14, வெள்ளி

போனேன். மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"ஏன் அண்ணே அப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

"நீ சொன்னதுல எது பொய்? ஒரே ஆளு. வயசானவன். வாரிசு இல்ல. மனு கொடுக்கல." இறக்கையைத் திருப்பித் துடைத்தார். "அந்தக் கடைசி ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. அதைச் சரி பண்ணிட்டேன்."

"நீங்க கொடுக்காததுக்கு நான்தான காரணம்."

"அன்னிக்கு உன் புருஷன் படியில கிடந்தான். தூக்கினது யாரு? எனக்குத் தெரியாதா?"

மன்னிப்புக் கேட்டேன். கேட்காதது போல் திருகாணியைத் தேடினார். இந்த முடிவை உறுதி செய்ய வேண்டிய மேல்குழு தலைநகரில் இருக்கிறது, அங்கே தாமத மனு கொடுக்கலாம், நான் எழுதுகிறேன் என்றேன். அப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு.

"பதினாலு வீட்டுக்கு வழி பொறந்திருக்கு. கிளறாத. உனக்கு நல்லவளா இருக்கணும்னா கோயிலுக்குப் போ. என்னை வெச்சு இருக்காத. எழுந்து போய்க் குளியலறையைக் கட்டு."

திட்டியாவது விட்டாரே என்றிருந்தது.

செப்டம்பர் 25, செவ்வாய்

குளியலறைக்குப் பின்முற்றத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். ஐந்துக்கு ஏழடி. மேல்குழு ஒப்புக்கொண்டால் அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம். கைப்பிடிக் கம்பி எங்கே, வழுக்காத தரை எங்கே என்று எல்லாம் யோசித்துவிட்டேன். உண்மையை எழுதுகிறேன், இந்தக் குளியலறை எனக்கு வேண்டும். சாவ் அண்ணனைவிட அதிகமாக வேண்டும்.

அக்டோபர் 3, புதன்

மேல்குழுவுக்கு ஒரு மனு போட்டால் என்ன ஆகும் என்று ஹோங்கிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். பதறிவிட்டார். "அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு மனு போனா மேல்குழு மொத்த வரைபடத்தையும் திரும்பப் பிரிக்கும். உங்க வீடே மறுபடி பச்சையாயிடலாம். பதினாலு வீடும் உங்களை உசிரோட விடாது. தேர்தல் முடியட்டுமே?"

சின்ஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விசாரணையில் நான் சொன்னதையும். இத்தனை நாள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"தூக்கினாரு" என்றார். பிறகு, "எழுது."

"கீழ குளியலறை போயிடலாம்."

"எழுது."

அக்டோபர் 9, செவ்வாய்

மேல்குழுவுக்கு எழுதி, இங்கே நகர அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டேன். போனில் பேசிய அதே பெண்தான் கவுண்டரில். படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மனுதாரர் முகவரி பதினொண்ணு, கேட்கற இடம் இருபத்தொன்பதுன்னு போட்டிருக்கீங்க. மாத்தி எழுதிட்டீங்களாம்மா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

காரணம் என்ற கட்டத்தில் அழகு பண்ணவில்லை. "ஜூன் 21 விசாரணையில் 29-ஆம் எண்ணைப் பூங்காவாக வைக்கலாம் என்று சொன்னது நான். சொல்லியிருக்கக் கூடாது. அவர் உரிய நாளில் மனு கொடுக்க முடியாமல் போனதும் என்னால்தான். அவர் பிறகு கொடுத்த சம்மதம், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொடுத்தது. 29-ஆம் எண்ணில் ஒருவர் வசிக்கிறார். பூங்காவுக்கு இடம் வேண்டுமென்றால் பதினைந்து வீட்டிலும் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்."

தாமத மனு, எண் 1 என்று முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அக்டோபர் 12, வெள்ளி

தெரிந்துவிட்டது. குப்பை வண்டி வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. ஆ-யுன் மட்டும் நேராக வந்தாள். "உனக்கு என்னக்கா குறைச்சல்? அவரே சரின்னுட்டாரு. அவரைவிட உனக்கு வலிக்குதா?"

வலிக்கிறது என்றேன்.

"எனக்கும் என் வீடு வலிக்குது" என்றாள். அவள் பக்கமும் நியாயம்தானே.

சாவ் அண்ணன் மூலையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "சொன்ன பேச்சைக் கேக்காத ஜென்மம்" என்று முனகினார்.

நவம்பர் 25, ஞாயிறு

நேற்றைய தேர்தலில் ஹோங் முப்பத்தொரு ஓட்டில் தப்பித்தார். என்னைப் பார்த்துக் கும்பிடாமல் போனார்.

2019

பிப்ரவரி 7, வியாழன்

சந்திரப் புதுவருஷம். வழக்கமாக ஆறேழு வீட்டிலிருந்து பலகாரம் வரும். இந்தத் தடவை இரண்டு. ஒன்று ஃபாங் மேடம்.

களைப்பாக இருக்கிறது. செய்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் யாராவது ஒருத்தர், சரிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

மே 21, செவ்வாய்

மேல்குழு முடிவு. தாமத மனு எண் 1: ஓரளவு ஏற்கப்பட்டது. பதினைந்து வீடும் விடுவிப்பு, இருபத்தொன்பதும் சேர்த்து. அதற்குப் பதில், ஒவ்வொருவரும் வீட்டின் பின்னால் ஏழு அடியை விட்டுவிட வேண்டும். சந்தின் பின்பக்கம் நீளமாக ஒரு பசுமை நடைபாதை வரும், கோடியில் காலி மனையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம்.

பின்பக்கம் ஏழு அடி என்றால் என் பின்முற்றம் முழுசும். குளியலறைக்குக் கோடு போட்ட இடம்.

சாயங்காலம் வரிசையில் எல்லோரும் என் காதில் விழும்படிதான் பேசினார்கள். ஆ-யுனுக்கு மாவு அரைக்கும் கொட்டகை போகிறது. பதிமூன்றாம் எண்காரர், "தகரத்தை இடிச்சவனே தேவலை" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது, பையைப் போட்டேன், வந்துவிட்டேன்.

மே 27, திங்கள்

காலையில் ஆ-யுன் கடைக்குப் போனேன். ஆறு நாளாகப் போகவில்லை. முட்டை ரொட்டியைக் கட்டிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாருக்கும் ஏழடின்னா எல்லாருக்கும் ஏழடி. சாவ் அண்ணன் வீட்டை எடுத்துட்டு நான் மாடி கட்டியிருந்தா, தினம் அந்தப் பக்கம் பாத்துட்டுத்தான கடை திறக்கணும்." பிறகு, "ஆனா கோபம் போகல" என்றாள். போகட்டும், மெதுவாகப் போகட்டும்.

ஜூன் 2, ஞாயிறு

சாவ் அண்ணன் அளவு நாடாவோடு வந்தார். "பின்னால இடம் போச்சுன்னு மூலையில உக்காந்திருக்கப் போறியா? முன்னறையில போடு." முன்னறையில் சாமி மேடை இருக்கிறது, சாமிக்கு எதிரே எப்படிக் குளியலறை வைப்பது என்றேன்.

"சாமியை மாடிக்கு ஏத்து" என்றார்.

சின்ஃபா நாற்காலியிலிருந்து, "சாமிக்கு... கால் நல்லாத்தான இருக்கு" என்றார்.

அவர்கள் இருவரும் சிரித்து முடிக்கும்வரை நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்க் குழாய் எங்கே வரும், கழிவு எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆயிரம் குறை சொன்னார். என் மனுவைப் பற்றி மட்டும் பேசவில்லை. தன் வீட்டுக் கூரையை இந்த மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றப் போகிறாராம், அதைப் போகிறபோக்கில் சொன்னார்.

வாசல் அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். நான் சின்ஃபாவைத் தாங்கிக்கொண்டு நுழைவதை நினைத்து, "ரெண்டு பேர் சேர்ந்து போற அளவுக்கு வைங்க அண்ணே" என்றேன்.

"வேண்டாம்" என்றார் சின்ஃபா. இந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒருத்தர்."

சாவ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒருத்தர் போகிற அளவுக்குச் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.